சம்பந்தி வீட்டு லட்டு

தம்பி, போன மாதம் ஒரு திங்கட்கிழமை உன் மாமனாராகப் போகிறவருக்குப் போன் போட்டு, மறுநாள் சிரம்பானுக்குப் போகிறேன் என்று சொன்னேன். பழைய முதலாளி வீட்டில் ஒரு விசேஷம், தட்ட முடியாது, அதனால் கல்யாண மண்டபம் பார்க்க வர இயலாது என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னேன். அவர் என்னைவிட வருத்தப்பட்டார். "பரவால்ல சம்பந்தி, எனக்கும் நாளைக்கி ஜாசின்ல ஒரு கருமாதி. நானே ஒங்களுக்குக் கூப்புடலாம்னு இருந்தேன்," என்றார். நல்ல மனிதர், துக்க வீட்டுக்கெல்லாம் தவறாமல் போகிறார் என்று உன் அம்மாவிடம் புகழ்ந்துகூட வைத்தேன். மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு, அலோர் காஜா அரசாங்க கிளினிக்கில் இரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் முகக்கவசம் போட்ட ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். குனிந்து என் செருப்பைச் சரிசெய்தபோது அவருடைய கால் கண்ணில் பட்டது. செருப்புக்குள்ளே வெள்ளைக் காலுறை. உன் பரிச நாளில் பார்த்த அந்தக் காலுறையை நான் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் சொல்வேன். நிமிர்ந்து பார்த்தால், ஜாசின் கருமாதி என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எழுந்து ஓடலாம் என்றால் தாதி அப்போதுதான் என் கையில் எண் கொடுத்திருந்தாள்.

"சிரம்பான் இவ்வளவு பக்கத்துல வந்துருச்சா சம்பந்தி?" என்றார்.

"கருமாதி முடிஞ்சிருச்சுங்களா?" என்றேன் நான்.

அதற்குமேல் எங்களால் முடியவில்லை. இரண்டு கிழவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதைப் பார்த்து, எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தாதி ஓடி வந்தாள். டுரியான் துங்காலில் வீடு இருக்க, அங்கே ஒரு கிளினிக்கும் இருக்க, இவ்வளவு தூரம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். "அங்க எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் யாரு கண்ணுலயும் பட வேணாம்னுதான் இங்க மாத்திக்கிட்டேன்," என்றார். யார் கண்ணில் படக் கூடாது என்று வந்தாரோ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இதை உன்னிடம் அன்றைக்கே வேடிக்கையாகச் சொன்னேன், நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாய். அதற்குப் பின்னால் நான் சொல்ல வந்தது நின்றுபோனது. நேரில் பேசினால் என் வாய் எல்லாவற்றையும் வேடிக்கையாக்கிவிடுகிறது, இல்லையென்றால் சண்டையாக்கிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, ஹார்ட்வேர் கடை லோரியில் சிமெண்டு மூட்டையோடு வாழ்க்கையை ஓட்டியவன் எழுதுவது; பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் மாமனாரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "எழுதுங்க சம்பந்தி, என் கால பத்தியும் எழுதுங்க. நம்ம பிள்ளைங்க இன்னும் நாலு பேரு படிக்கட்டும்," என்றார்.

உன் பரிச நாளை நினைத்துப் பார். கிளம்புவதற்கு முன் உன் அத்தை என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய் ஒரு பாடம் நடத்தினாள். "அண்ணே, பொண்ணு வீட்ல போயி எனக்கு இனிப்பு நீரு, சக்கர வியாதி, இது சாப்புட மாட்டேன், அது சாப்புட மாட்டேன்னு வாயத் தொறந்துராத. பரம்பரை வியாதின்னு பேசிக்குவாங்க. நாளைக்குப் பையனுக்கும் வரும்னு யாராச்சும் கிளப்பி விட்டா முடிஞ்சிச்சு. குடுக்கறத வாங்கி வாயில போடு, சிரி, வீட்டுக்கு வா." நானும் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். தட்டு மாற்றியதும் உன் மாமனார் ஒரு லட்டை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினார். லட்டா அது? ஒரு கையால் பிடிக்க முடியாத லட்டு. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். ஒருவர் ஊட்டினால் நாம் திருப்பி ஊட்டாமல் இருந்தால் மரியாதையில்லை என்று நானும் தட்டிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்து அவர் வாயில் வைத்தேன். அவர் விடவில்லை, இன்னொன்று. பிறகு கேசரி. பிறகு பெரிய கண்ணாடித் தம்ளரில் சிராப் தண்ணி. உன் அம்மா முழங்கையால் என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தாள். நான் மூன்று தலைமுறையாக இனிப்பையே தின்று வளர்ந்த குடும்பத்துக்காரன்போலச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவரும் அப்படித்தான் சிரித்தார். சபையில் எல்லாரும், சம்பந்திகள் இப்போதே எவ்வளவு ஒட்டிக்கொண்டார்கள் பார் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையில் அங்கே இரண்டு நோயாளிகள் ஒருவருக்கொருவர் விஷம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பாத்ரூமுக்காகக் காரை எண்ணெய் நிலையத்தில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னேன். உனக்குக் காரணம் தெரியாது. "வயசாயிருச்சுல்ல," என்று நீ கிண்டல் செய்தாய். நான் பேச்சை மாற்ற, அந்த மனிதரின் காலுறையைப் பிடித்துக்கொண்டேன். சொந்த வீட்டுக்குள்ளே, பாயில் உட்காரும்போதுகூடக் கழற்றாமல் போட்டிருந்தார் அல்லவா? "என்னமோ பெரிய மேனேஜர் நெனப்பு. ரிட்டையரான பஸ் டிரைவருக்கு வீட்டுக்குள்ள என்னடா ஸ்டோக்கின்?" என்றேன். நீ சிரித்தாய். நான் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவங்கவங்களுக்கு என்ன கஷ்டமோ," என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான், நாம் நன்றாகச் சிரிக்கிற நேரத்தில் ஒன்று சொல்லி வைப்பாள்.

கிளினிக்கில் இரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், வராந்தாவில் ஒரு மேசை போட்டு, துடோங் முக்காடு கட்டிய ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஏதோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். எங்களைப் போல நாட்பட்ட நோயோடு இருப்பவர்களிடம் பேசி, பிறந்ததிலிருந்து இன்றுவரை எப்படி வாழ்ந்தோம் என்று கேட்கிறாள். "அங்கிள், கொஞ்ச நேரம் இருக்குமா?" என்று மலாய் மொழியில் கேட்டாள். பசி காதை அடைத்தாலும், சம்பந்தி முன்னால் மறுக்க எனக்குக் கூச்சம். அவருக்கு என் முன்னால் கூச்சம். அதே லட்டுக் கதைதான். இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், பேசுவதற்கு ஆள் இருக்கிறதா, சிறு வயதில் பட்டினி கிடந்ததுண்டா என்றெல்லாம் கேட்டாள். பிறந்தபோது என்ன எடை இருந்தீர்கள் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "நாங்க பொறந்த ரப்பர் தோட்டத்துல பாலத்தான் நிறுப்பாங்க. பிள்ளைய நிறுக்க மாட்டாங்க," என்று சொன்னேன். பால்மரம் வெட்டியவர்களுக்கு அன்றைக்கு எவ்வளவு பால் என்பதுதான் கணக்கு. அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டாள். வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது, பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டாள். சம்பந்தி யோசித்து "எட்டு" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்காரன் குறைந்துவிடக் கூடாது என்று நான் "ஒன்பது" என்றேன். அவர் உடனே, "என்னுதயும் ஒன்பதுன்னே போட்டுக்கம்மா," என்றார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது பரீட்சை இல்லை, சரியான பதில் என்று எதுவும் இல்லை, மனத்தில் உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

பிறகு நான் கேட்டேன்: "நேத்து சாப்பிட்டதுக்கும் நான் பொறந்த எடைக்கும் என்னம்மா சம்பந்தம்?" அவள் பொறுமையாகச் சொன்னதை, எனக்கு விளங்கிய அளவில் உனக்குச் சொல்கிறேன். இந்த நோய் நேற்றுச் சாப்பிட்ட லட்டில் தொடங்குவதில்லையாம். கண்டுபிடிக்கிற நாளுக்குப் பல வருடம் முன்பே சத்தமில்லாமல் தொடங்கிவிடுகிறதாம். சில பேருக்குத் தாயின் வயிற்றிலேயே. வயிற்றில் இருக்கும்போது தாய்க்குச் சரியான சாப்பாடு இல்லையென்றால், அந்தக் குழந்தையின் உடம்பு கிடைத்ததைச் சேர்த்து வைக்கப் பழகிக்கொள்ளும். பிறகு சாப்பாடு நிறையக் கிடைக்கிற காலம் வந்தாலும் அந்த உடம்பு பழைய பழக்கத்தை விடாது. அதோடு தூக்கம் கெடுவது, ராத்திரி வேலை, மனக்கவலை, பேச ஆளில்லாமல் தனியாகக் கிடப்பது, அப்பா அம்மா வழி வருவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். இதில் எது எவ்வளவு என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று அவளே சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் எனக்கு அவள் மேல் நம்பிக்கை வந்தது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள். எல்லையில் நிற்கும்போதே கண்டுபிடித்தால் நிறையப் பேரால் திரும்பி வர முடிகிறது. தாண்டிப் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டால் திரும்பி வருவது கஷ்டம். "அங்கிளுக்கு வளர்ந்த பிள்ளைங்க இருக்காங்களா? அவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள்.

கூடவே சில படங்களைக் காட்டினாள். அதில் ஒரு படத்தை மட்டும் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒரு பையனின் கழுத்துப் பின்புறம். தோல் கறுத்து, வெல்வெட்டுத் துணி மாதிரி தடித்திருந்தது. உன் கழுத்து, தம்பி. உன் அம்மா இரண்டு வருடமாக அழுக்கு, அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரைக் கையில் கொடுத்து உன்னைத் தேய்க்கச் சொல்கிறாளே, அது. உடம்புக்குள் சர்க்கரையைக் கையாள்வதில் ஏதோ தடுமாற்றம் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம், கட்டாயம் என்று இல்லை, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். நான் மறுபடி அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் எதிரே உள்ள கடையில் போய் உட்கார்ந்தோம். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம் என்று சம்பந்தி தே ஓ கோசோங் இரண்டு சொன்னார். ஆர்டர் எடுத்த பையன், "ரெண்டுமே கோசோங்கா அங்கிள்?" என்று சிரித்தான். "நாங்க ரெண்டு பேருமே கோசோங்தான்பா, காலி டப்பா," என்றார் சம்பந்தி. தேநீர் வந்ததும், மேசைக்குக் கீழே குனிந்து இடது காலுறையைக் கழற்றினார். சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. சிலிப்பரைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி ஏறியிருக்கிறது. கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க அதோடு பஸ் ஓட்டியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குள் நடந்தபோது, தரையெல்லாம் சிவப்பாக இருக்கிறதே என்று அவர் மனைவிதான் கத்தியிருக்கிறார். "பரிசத்தன்னிக்கி காலப் பாத்துட்டீங்கன்னா என்ன நெனப்பீங்களோன்னு ஸ்டோக்கினக் கழட்டவே இல்ல. நீங்க ஏதாச்சும் நெனச்சீங்களா சம்பந்தி?" என்று கேட்டார். "சேச்சே, நான் ஒண்ணும் நெனக்கல," என்றேன். காரில் நான் சேர்த்த அந்த இரண்டு வரியும் நினைவுக்கு வந்தன. சீனி இல்லாத தேநீரைவிட அது கசப்பாக இருந்தது.

அவர் காலுறையை மாட்டிக்கொண்டே, "ஒங்க பையனுக்குப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எங்க தர்ஷினிக்குப் பாத்தாச்சு. என் கால் வெரலு போனப்பவே அவளா போயி பாத்துட்டா. இப்பவும் வருசா வருசம் பாக்குறா. இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு அவசரமாக, "கல்யாணத்த நிறுத்தறதுக்குக் கேக்கல சம்பந்தி. தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கி எம்பொண்ணு தரையப் பாத்துக் கத்தக் கூடாதுல்ல, அதான்," என்றார். நான் தலையாட்டினேன். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன்.

வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். என் தாய் என்னைச் சுமந்தபோது கடைசி நாள் வரைக்கும் பால்மரம் வெட்டியவள். காலையில் டின் பால் தேநீரும் இரண்டு துண்டு ரொட்டியும்தான் ஆகாரம். அந்தப் பசி எனக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், சரி, அது யார் குற்றமும் இல்லை. ஆனால் நான் உன்னை வளர்த்த விதத்தைப் பார். லோரி நின்ற இடத்திலெல்லாம் உனக்கு ஏதாவது வாங்கினேன். சாயங்காலம் ஐஸ்கிரீம் மணி கேட்டால் உனக்கு முன்னால் நான் ஓடினேன். எம்பிள்ளைக்குப் பசின்னா என்னன்னே தெரியாது என்று கோயிலில் நின்று மார்தட்டினேன். அதுதான் பாசம் என்று நினைத்தேன். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் நினைத்தோம். தோட்டத்தை விட்டு வெளியே வந்த எங்கள் ஆட்களுக்கு, பிள்ளையின் தட்டு நிறைந்திருப்பதைப் பார்ப்பதுதான் ஜெயித்ததற்கு அடையாளம். இதைப் பெரிய பாவம் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் அவனை அடிக்கத்தான் போயிருப்பேன்.

இப்போது உன்னைப் பார். பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. விடிந்ததும் வருகிறாய், ஜன்னலுக்குத் துணியைக் கட்டிக்கொண்டு படுக்கிறாய், வெயிலில் எழுந்து ஒரு டின் இனிப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறாய். மறுபடி படுக்கிறாய், மறுபடி பாத்ரூமுக்கு எழுந்து போகிறாய். தாகம், பாத்ரூம், களைப்பு. இந்தப் பாட்டை நான் ஏற்கெனவே பாடியவன். ஏழு ஊர் தாண்டி இருந்தாலும் எனக்கு ராகம் தெரியும்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன். ஆரம்பித்த விதம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். உன் தட்டில் மூன்றாவது கரண்டிச் சோறு விழும்போது, "போதும்டா, கழுத்தப் பாரு," என்றேன்.

"கழுத்துல என்னப்பா?"

"வர்ற செவ்வாக்கெழம என்கூட கிளினிக்குக்கு வா. ரத்தம் பாத்துருவோம்."

"ஏன், எனக்கு என்னா? நல்லாத்தான லா இருக்கேன்."

"நல்லா இருக்கறப்பத்தான் பாக்கணுமாம்."

"கல்யாணம் முடியட்டும்பா. அப்புறம் பாத்துக்கலாம்."

"முன்னாடி பாத்தா என்னா?"

நீ கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "பாத்து, இருக்குன்னு வந்துச்சுன்னா? போயி அவகிட்ட சொல்லுவீங்களா? சொல்ல முடியுமா ஒங்களால? நீங்க மட்டும் அன்னிக்கி அங்க ஒக்காந்து லட்டு சாப்பிட்டீங்கல்ல?"

உன் அம்மா ரசத்தைக் கொண்டு வந்து நடுவில் வைத்தாள். நாம் இரண்டு பேரும் ரசத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம். நீ கேட்டது நியாயம். நான் மறைத்ததைப் பார்த்துத்தான் நீ மறைக்கக் கற்றுக்கொண்டாய் என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. இந்த நோயில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்னென்ன வருகிறது என்று அந்தப் பெண் ஒரு நீளமான பட்டியல் சொன்னாள். மறைப்பதை அவள் சொல்லவில்லை. அடுத்த தடவை பார்த்தால் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

ஆனால் நீ பயப்படுகிற அந்த இடத்தைப் பற்றி உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. உன் மாமனார் கிளினிக்கில் என்னைப் பார்த்த அன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்தக் கதையைச் சொல்லிவிட்டார். சாயங்காலம் தர்ஷினி எனக்குப் போன் செய்தாள். "மாமா, அந்த லட்டு நான் உருட்டுனது. மாப்பிள்ள வீடுன்னு சக்கரய வேற கூடப் போட்டுட்டேன். சாரி மாமா," என்றாள். "நல்லாத்தான்மா இருந்துச்சு," என்றேன். சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "அவருகிட்ட நீங்களே பேசுங்க மாமா. நான் சொன்னா, சந்தேகப்படறேன்னு நெனச்சுக்குவாரு. ரிசல்ட் எதுவா இருந்தாலும் கல்யாணத் தேதி மாறாது. அத மட்டும் சொல்லிடுங்க. எங்கப்பா கால் வெரலு போயே பாத்துட்டேன், ஒரு ரத்தப் பரிசோதனைக்கா பயப்படப் போறேன்?" என்றாள். இந்தப் பெண்ணிடம் நீ எதையும் மறைக்க வேண்டியதில்லை, தம்பி. மறைக்க நினைத்தாலும் முடியாது. அவள் தரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அறிவுரை என்று எழுத உட்கார்ந்தால் என்னிடம் அதிகம் சரக்கில்லை. இந்த நோய் வந்ததும் ஊரில் எல்லாரும் டாக்டராகிவிடுவார்கள், அதற்குத் தயாராக இரு. எனக்குப் பாகற்காய்ச் சாறு கொடுத்தார்கள். நாவல் கொட்டைப் பொடி கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியில் இருந்து ஏதோ ஒரு இலையைப் பறித்துத் தினமும் நீட்டினார். அந்தத் தாமான் குடியிருப்பில் உள்ள பச்சையெல்லாம் நான் தின்றதைப் பார்த்து ஆடுகளே ஒதுங்கிப் போயின. இலையை நம்பி மாத்திரையை விட்ட சில மாதங்களில்தான் என் சிறுநீரகம் கசிய ஆரம்பித்தது. இலைமேல் எனக்குக் கோபமில்லை. மாத்திரையை விட்டது நான்தான். அந்த ஒன்றை மட்டும் நீ செய்யாதே. இரவு வேலையை மாற்றித் தர முடியுமா என்று மேலாளரிடம் ஒருமுறை கேட்டுப் பார். முடியாதென்றால் முடியாது, ஆனால் தூங்குகிற நேரத்தையாவது காப்பாற்று. சாப்பிடுவதைக் குறை என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும், தர்ஷினி சொல்வாள். நண்பர்களை விடாதே. என் லோரிக் கூட்டாளிகளை நான் ஒவ்வொருவராக விட்டுவிட்டேன். சேர்ந்து உட்கார்ந்தால் சாப்பிட வேண்டுமே, சாப்பிட்டால் சொல்ல வேண்டுமே என்று. பேச ஆள் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டபோது "நெறைய," என்று சொன்னேன். உண்மையில் இப்போதுதான் ஒருவர் கிடைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை தோறும் நானும் உன் மாமனாரும் அந்தக் கடையில் சந்திக்கிறோம். அவர் என் காலைப் பார்க்கிறார், நான் அவர் காலைப் பார்க்கிறேன். பார்க்கிறவர்கள் எங்களை என்ன நினைப்பார்களோ தெரியாது.

வரும் செவ்வாய்க்கிழமை உனக்கு ஓய்வு நாள். காலையில் எதுவும் சாப்பிடாமல் வா என்றுதான் கேட்கிறேன். முடிவு நல்லதாக இருந்தால் நான் ஒரு பயந்தாங்கொள்ளி என்று கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிக்கொள், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். வேறு மாதிரி வந்தால், எல்லையில்தான் நிற்கிறாயா, எவ்வளவு தூரம் தாண்டியிருக்கிறாய் என்று தெரிந்துகொள்வோம். தெரிந்துகொண்டால் நடக்க ஆரம்பிக்கலாம். கட்டாயப்படுத்த மாட்டேன். முப்பது வயது ஆண்பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டு போய் ஊசிக்கு நீட்ட எனக்கு இப்போது வலுவும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் நீ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். நீ சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை. பிறகு, சின்ன வயதில் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாய்: "அலுப்பா இல்லையாப்பா ஒங்களுக்கு?"

நான் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, "என்னடா அலுப்பு? கொசு கடிக்கற மாதிரிதான். பழகிப் போச்சு," என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் சொல்லாமல் விட்டது இது:

அலுப்பா இருக்குடா ஐயா. ரொம்ப அலுப்பா இருக்கு. ஒரு வாய் சோறு நிம்மதியா சாப்பிட்டு எத்தனையோ வருசம் ஆச்சு. காலையில கண்ணு முழிச்சதும் கால் இருக்கான்னு பாக்கறதுக்கும், ஒவ்வொரு தடவயும் நர்சு நம்பரச் சொல்றதுக்குள்ள மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கறதுக்கும் எனக்குத் தெம்பு இல்ல. ஒனக்கு நோயி வந்துரும்னுகூட நான் அவ்வளவா பயப்படல. இந்த அலுப்பு ஒனக்கு வந்துரக் கூடாதுன்னுதான் வரச் சொல்றேன்.